சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருவதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்கிறார்கள். டெல்லி ஆஸ்பத்திரிகளின் தாழ்வாரங்களில் அதற்கு 'சிகாயி' என்று பெயர். வீங்கிய காலுக்கு ஒத்தடம் கொடுப்பதற்கும் இந்தியில் அதே சொல்தான். தெற்கே மின்சாரம், வடக்கே ஒத்தடம். அகராதி இரண்டையும் ஒப்புக்கொள்ளாது. தமிழில் முதுகலை படித்துவிட்டு இருபது வருடங்களாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைக்கிற எனக்கு 'கதிர்வீச்சு' என்ற சொல்மீதுதான் பிடிப்பு. சுத்தமான சொல். பாடப்புத்தகத்திலும் அதுதான், அரசாங்க அறிக்கையிலும் அதுதான்.

2018இல் என் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, 25 நாள் ரேடியோதெரபி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தபோது அந்தச் சுத்தமான சொல் எங்கள் வீட்டுக்குள் ஒரு சுவரை எழுப்பியது. அப்போது தம்பியின் குழந்தைக்கு மூன்று மாதம். பிள்ளை பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த சம்பந்தி அம்மாள் நல்லவர், படித்தவர், தினமும் செய்தித்தாள் வாசிப்பவர். அதுதான் சிக்கல். செர்னோபில், புகுஷிமா, ஹிரோஷிமா எல்லாவற்றுக்கும் அவர் படித்த சொல் இதே 'கதிர்வீச்சு'தான். "அண்ணி ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் குளிச்சுட்டு பின்கட்டு ரூம்லயே இருக்கட்டும். குழந்தையைத் தொட வேண்டாம். உடம்புல அது இருக்கும்" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாகப் பேத்தி பிறந்திருக்கிறாள், அவளைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் கவலை வேறு. நான்காம் நாள் ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள்: "என்னைப் படுக்க வெச்சுட்டு எல்லாரும் வெளியே ஓடிடறாங்கடா. கதவையும் சாத்திடறாங்க. அவ்வளவு பயமான வஸ்துன்னா, சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல நீ உக்காந்திருக்கியே, உனக்கு ஒண்ணும் ஆகாதா?"

நியாயமான கேள்வி. அந்த பெஞ்சில் நான் மட்டும் இல்லை. பிகாரிலிருந்தும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள், கைக்குழந்தைகளோடு இளம் பெண்கள், டீ விற்கிற பையன் என்று தினமும் ஐம்பது பேராவது அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தோம். பதில் தெரிந்துகொள்ள மறுநாள் கதிர்வீச்சுப் பிரிவின் இயற்பியலாளரைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயதுகூட நிரம்பாத மலையாளப் பெண். சிரித்துவிட்டு, "சுவரைக் காட்டுகிறேன் வாருங்கள்" என்றார்.

அறைக்குள் நேராக நுழைய முடியாது. ஒரு சந்து போய்த் திரும்பித்தான் இயந்திரம் கண்ணில் படும். கதிர் நேர்கோட்டில் செல்வது; சுவரில் பட்டுச் சிதறுவதும் ஒவ்வொரு திருப்பத்திலும் பலம் இழக்கும். அதனால்தான் இந்த வளைவு. அதன்பின் சுவரின் கனத்தை வரைபடத்தில் காட்டினார். கற்றை நேராகப் போய் மோதும் இடத்தில் சாதாரண கான்கிரீட் என்றால் இரண்டு மீட்டருக்கும் மேல் தேவை. ஒரு ஆள் உயரத்தைவிட அதிகமான கனம். "இங்கே அவ்வளவு இல்லை. இடம் இல்லை. இது பழைய கோபால்ட் இயந்திரத்துக்குக் கட்டிய அறை. புதிய இயந்திரத்துக்கு ஆற்றல் அதிகம். வெளியே நீங்கள் உட்கார்ந்திருக்கிற தாழ்வாரம், அதற்கு அப்பால் தெரு. எனவே கனத்தைக் கூட்டாமல் எடையைக் கூட்டினோம். உள்ளே இருப்பது வேறு கல்" என்றார்.

வேறு கல் என்ற அந்த வார்த்தையில் நான் மாட்டிக்கொண்டேன். பத்திரிகைக்காரன் புத்தி. அம்மாவின் சிகிச்சை முடிந்த பின்னும் பல மாதங்கள் அந்தக் கல்லின் பின்னால் அலைந்தேன்.

விஷயம் எளிமையானது. எக்ஸ் கதிரும் காமா கதிரும் ஒளியின் உறவினர்கள். ஆற்றல்தான் பல மடங்கு அதிகம். இவற்றைத் தடுப்பது பொருளில் உள்ள எலெக்ட்ரான்கள். ஒரு சாண் கனத்துக்குள் எத்தனை எலெக்ட்ரான்கள் நெருங்கி நிற்கின்றனவோ அத்தனைக்கு மோதல்கள் அதிகம். சுருக்கமாக, கனமான பொருள் நல்ல கவசம். ஈயம் கனமானது. ஆனால் விலை அதிகம், மென்மையானது, தன் எடையைத் தானே தாங்கி நிற்காது, நச்சும்கூட. கான்கிரீட்டோ கூரையைத் தாங்கும் சுவராகவும் இருக்கும், கவசமாகவும் இருக்கும். எனவே கான்கிரீட்டில் போடும் கருங்கல் ஜல்லியை எடுத்துவிட்டு, அதைவிடக் கனமான கனிமத்தை ஜல்லியாகப் போட்டால் என்ன? கனத்த கான்கிரீட் என்பது இவ்வளவுதான்.

சாதாரண கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.35 டன். பேரைட்ஸ் என்ற கனிமத்தை ஜல்லியாகவும் மணலாகவும் போட்டால் சுமார் 3.4 டன் வரை போகிறது. காந்தக் கல்லான மாக்னடைட், ஹெமடைட், இல்மனைட் போன்ற இரும்பு சார்ந்த கனிமங்களாலும் ஏறக்குறைய அதே அளவுக்கோ சற்று மேலேயோ போக முடியும். சிகிச்சை இயந்திரங்களின் கதிர்களைப் பொறுத்தவரை எடை எந்த விகிதத்தில் கூடுகிறதோ அந்த விகிதத்தில் சுவரின் கனத்தைக் குறைக்கலாம். 2.4 மீட்டர் தேவைப்படும் இடத்தில் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் போதும். நெரிசலான நகரத்து ஆஸ்பத்திரியில் அந்த எண்பது சென்டிமீட்டரில்தான் தாழ்வாரமே இருக்கிறது.

ஆனால் எந்தச் சுவரும் கதிரை முழுவதுமாக நிறுத்துவதில்லை. இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெண் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். கோபால்ட்-60இன் காமா கதிரைச் சாதாரண கான்கிரீட் சுமார் 6 செ.மீ. கனத்தில் பாதியாகக் குறைக்கும். அடுத்த 6 செ.மீ.யில் மீதியில் பாதி. அடுத்ததில் அதிலும் பாதி. நம் பழைய கணக்கில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்குகிறதே, அதே வாய்பாடு. 60 செ.மீ. கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஒரு மீட்டரைத் தாண்டினால் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. பூஜ்யம் வராது; ஆனால் இயற்கையே நம்மீது பொழிகிற கதிர்வீச்சோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு வந்துவிடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் உலகில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களால் பொதுமக்கள் ஒருவருக்குக் கூடுதலாகச் சேரக்கூடியது ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அறையின் வரைபடத்தை ஒப்புக்கொள்ளாமல் இயந்திரத்தை இயக்க முடியாது. வாரியத்தின் கணக்கில் முதல் கேள்வியே, சுவருக்கு அந்தப் பக்கம் யார், எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதுதான். அம்மா ஆட்டோவில் கேட்ட அதே கேள்வி.

பேரைட்ஸ் எங்கிருந்து வருகிறது? சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில் பாதையில் ரேணிகுண்டாவுக்கும் கடப்பாவுக்கும் நடுவே ஓபுலவாரிபள்ளி என்று ஒரு ஸ்டேஷன். அதன் அருகே இருக்கிறது மங்கம்பேட்டை. உலகின் மிகப் பெரிய பேரைட்ஸ் படிவுகளில் ஒன்று இங்கேதான். இந்தியாவில் எடுக்கப்படும் பேரைட்ஸில் பெரும் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. வேறொரு செய்திக்காக அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். திறந்தவெளிச் சுரங்கம்; சாம்பல் நிறப் படிக்கட்டுகள்போல் பூமி கீழே இறங்குகிறது. சாலையோர வேப்பமரங்களில் தூசி. லாரிப் பட்டறை வாசலில் கிடந்த கைப்பிடி அளவுக் கல் ஒன்றைக் குனிந்து எடுத்தேன். கண் ஒரு எடையைக் கணக்கிட்டிருக்க, கை வேறு எடையைச் சொன்னது. தோள் சற்றே இறங்கியது. கனம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இதன் பெயரே வந்திருக்கிறது. பெயர் வைத்தவனுக்கும் தோள் இறங்கியிருக்க வேண்டும்.

இந்தக் கல்லில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பொடியாகி எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறது. தோண்டும்போது ஊற்றும் சேற்றுக் குழம்பில் இதைக் கலந்தால் அதன் எடை, கீழிருந்து பீறிடத் துடிக்கும் எண்ணெயையும் வாயுவையும் அமுக்கி வைக்கும். அமுக்கி வைப்பதே இதன் குலத்தொழில் போலும். இன்னொரு வேடமும் உண்டு. வயிற்று எக்ஸ்ரே எடுக்கும் முன் சுண்ணாம்புக் கரைசல்போல் ஒன்றைக் குடிக்கச் சொல்வார்களே, 'பேரியம் மீல்', அதுவும் இதே பேரியம் சல்பேட்தான். சுவருக்குள் கதிரைத் தடுப்பது போலவே குடலுக்குள்ளும் தடுக்கிறது. படத்தில் குடலின் வடிவம் வெள்ளையாக விழுகிறது. பேரியத்தின் வேறு உப்புகள் நஞ்சு. பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சல்பேட் மட்டும் கரையாது என்பதால் உடலை ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். 1895இல் ரோன்ட்ஜென் தன் இருட்டறையில் எக்ஸ் கதிரை முதன்முதல் கண்டுகொண்டதும் பேரியச் சேர்மம் பூசிய திரை ஒன்று ஒளிர்ந்ததால்தான். அந்தக் கதிருக்கும் இந்தத் தனிமத்துக்கும் முதல் நாளிலிருந்தே உறவு.

கனம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. ஆற்றல் மிகுந்த சிகிச்சை இயந்திரங்களிலும் அணு உலைகளிலும் நியூட்ரான்களும் வெளிப்படும். அவற்றுக்கு மின்னூட்டம் கிடையாது. கனமான அணுவில் மோதினால் வேகம் குறையாமல் திரும்பி ஓடும். கேரம் ஆடியவர்களுக்கு இது புரியும். ஸ்ட்ரைக்கர் பலகையின் சட்டத்தில் பட்டால் அதே வேகத்தில் திரும்பி வருகிறது. காயில் நேராகப் பட்டால் வேகத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத் தளர்ந்து நிற்கிறது. நியூட்ரானுக்கு ஏறக்குறையச் சம எடையுள்ள காய், ஹைட்ரஜன். அது இருப்பது தண்ணீரில். எனவே தண்ணீரைத் தன் உடம்புக்குள் பூட்டி வைத்திருக்கும் கனிமங்கள் வேண்டும். மஞ்சள் காவியில் உள்ள லிமொனைட் அப்படிப்பட்டது. பாம்புத் தோல்போல் புள்ளி விழுந்த சர்ப்பென்டைன் இன்னொன்று. சாதாரண கான்கிரீட் சூடேறினால் நீரை இழந்துவிடும். சர்ப்பென்டைன் பல நூறு டிகிரி வரை விடாது.

வேகம் தளர்ந்த நியூட்ரானை விழுங்குவதற்கு போரான் வேண்டும். இங்கே என் தமிழ்ப் படிப்புக்கு ஒரு சந்தோஷம். போரான் சேர்மங்களில் நமக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று வெங்காரம். தட்டான் பற்றவைக்கும்போது தூவுவாரே, சித்த மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருவார்களே, அது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் அது இயற்கையாகவே பூத்துக் கிடக்கிறது. ஆனால் வெங்காரம் தண்ணீரில் கரைந்து சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். அதனால் துருக்கியில் ஏராளமாகக் கிடைக்கும், எளிதில் கரையாத கோல்மனைட்டை அளவோடு சேர்க்கிறார்கள். ஹெமடைட்டும் நமக்கு அந்நியமில்லை. கோவில் மதிலில் வெள்ளைக்கு நடுவே அடிக்கும் காவிப் பட்டைக்குச் சிவப்பைக் கொடுப்பது அதே இரும்புக் கனிமம்தான். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இருப்பது மாக்னடைட்.

எனக்கு மிகவும் பிடித்த முரண் கன்னியாகுமரிக் கரையில் இருக்கிறது. மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மோனசைட்டில் தோரியம்; அது கதிர் வீசும். இல்மனைட் கனமானது, கான்கிரீட்டில் போட்டால் கதிரைத் தடுக்கும். அலை கொண்டுவந்து ஒரே கைப்பிடிக்குள் நோயையும் மருந்தையும் வைத்துவிட்டுப் போகிறது.

இதையெல்லாம் கேட்டு, கல்லே காப்பாற்றிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. செர்னோபில் உலையின் மேல்மூடிக்குள் சர்ப்பென்டைன்தான் நிரப்பியிருந்தார்கள். ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட அந்த மூடியை 1986 ஏப்ரல் 26 அன்று வெடிப்பு தூக்கி எறிந்தது. கவசம் கதிரைத் தடுக்கும்; உலையை நடத்துகிறவர்களின் பிழையை அது தடுக்காது. கவசத்தைக் கவசமாக விட்டுவைக்காத பிழையும் உண்டு. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி காயலான்கடைகளில் நடந்தது அதுதான். ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஏலத்தில் வந்த பழைய கருவியைப் பழைய இரும்புக்காகவும் ஈயத்துக்காகவும் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். செய்தி எழுதப் போன நான் அங்கே பார்த்தது, ஈயத்துக்கு ஒரு விலை உண்டு என்பதுதான். விலை உள்ள கவசத்தை யாராவது ஒரு நாள் உரித்து விற்பார்கள். சுவரோடு சுவராக இறுகிப்போன கல்லை யாரும் பெயர்த்துக்கொண்டு போய் விற்க முடியாது. அதன் ஏழ்மையும் ஒரு பாதுகாப்பு.

அந்தச் சுவரைக் கட்டுகிறவர்களை நாம் நினைப்பதே இல்லை. ஹைதராபாத்தில் இப்படிப்பட்ட அறை ஒன்றைக் கட்டிய மேஸ்திரியிடம் பேசினேன். அவர் சொன்ன கஷ்டங்கள் எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தன. மிக்சர் வழக்கமான அளவில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே திணறும். கனமான ஜல்லி குழம்பின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வைப்ரேட்டரை அதிக நேரம் பிடித்தால் மேலே வெறும் சாந்து, கீழே வெறும் கல். பேரைட்ஸ் மென்மையான கல், மிக்சரில் அதிகம் சுற்றினால் உதிர்ந்து பொடியாகும். சென்ட்ரிங் பலகைகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பிதுங்கும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் இரண்டு நாள் வேலைக்கும் நடுவே ஒரு கோடு விழும். கதிருக்கு அது ஒரு வாசல். குழாய்கூட நேராகப் போகக் கூடாது, வளைத்துத்தான் விட வேண்டும். "மற்ற கட்டிடத்தில் தப்பு செய்தால் மழைக்கு ஒழுகும், திட்டுவார்கள், வந்து பூசிவிடுவோம். இங்கே ஒழுகினால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் பயந்து பயந்து கட்டினோம்" என்றார். கட்டி முடிந்த பின் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் நெடுக அளந்து பார்ப்பதும் அதற்காகத்தான்.

என் வீட்டுச் சுவர் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். இயற்பியலாளரிடம் கடைசியாகக் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அம்மாவின் உடம்பில் ஏதாவது தங்குமா? தங்காது என்றார். இது மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் இயந்திரம். சுவிட்சை அணைத்தால் கதிரும் இல்லை. விளக்கை அணைத்த பின் வெளிச்சம் உடம்பில் ஒட்டிக்கொண்டா இருக்கிறது? ஆனால் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தாலோ, உடலுக்குள் கதிர்மூலத்தைப் பொருத்தி விட்டுவைத்தாலோ கதை வேறு. அப்போது டாக்டர் சொல்கிற நாள்வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்கத்தான் வேண்டும்.

அன்று மாலை சம்பந்தி அம்மாளிடம் விளக்கினேன். என் கதிர்வீச்சுப் பிரசங்கம் அவரைத் தொடவில்லை. அம்மாதான் குறுக்கே பேசினாள்: "கரண்டுதானே சம்பந்தி. ஸ்விட்சை அணைச்சா போயிடுது." அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி வந்து அம்மாவின் மடியில் வைத்தார். நான் ஏளனமாக நினைத்த சொல், என் முதுகலைச் சொல்லைவிட அந்த இயந்திரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டது. மின்சாரம் இருக்கும்வரை கதிர். அதற்குப் பிறகு இல்லை.

பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அந்தக் கதவின்மேல் மூன்று இதழ்ச் சின்னமும் 'அபாயம், உள்ளே வராதீர்' என்ற எச்சரிக்கையும் இருக்கும். எச்சரிக்கை அவசியம். ஆனால் அபாயத்தை மட்டும் சொல்லிவிட்டுக் காவலைச் சொல்லாமல் விட்டால், ஜனங்கள் அபாயத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கலாம். இந்தச் சுவர் இத்தனை அடி கனம், இதற்குள் இன்ன கல் இருக்கிறது, வெளியே அளந்த அளவு இவ்வளவு, உள்ளே சிகிச்சை பெற்றவரை வீட்டுக்குப் போனதும் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம் என்று நான்கு வரி. இந்தியில், தமிழில், வங்காளியில், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் மொழி எதுவோ அதில். கல்லைத் தோண்டியாகிவிட்டது, சுவரையும் கட்டியாகிவிட்டது. பலகைக்கு ஆகும் செலவு பெயின்ட் மட்டும்தான். மொழிபெயர்த்துத் தர நான் தயார், கூலி வேண்டாம்.